பெயர் போடாத பெட்டிசம்

தீபாவளிக்கு மாமா ஏன் வரவில்லை என்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள். சின்னவன் இரண்டு தடவை கேட்டான். பெரியவள் ஒரு தடவை கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "மாமாவுக்கு வேலை" என்று சொன்னேன். அது பொய். தீபாவளி அன்றைக்கு யாருக்கு என்ன வேலை? அந்தப் பொய்யைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் எழுந்து வெளியே போய்விடுவேன் என்று எனக்கே தெரியும்.

எழுதுகிற இடம் ரப்பர் ஸ்டோர். காலையில் வந்து தொட்டிகளைக் கழுவி வைத்துவிட்டால், மலையிலிருந்து ரப்பர் பால் வரும்வரை எனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. விடியற்காலையில் மரத்தில் பால் வெட்டப் போன பெண்கள் பத்தரை மணிக்குமேல் ஒவ்வொருவராக வாளியோடு இறங்குவார்கள். தொட்டிப் பக்கத்தில் நின்று பாலை வடித்து வாங்குவது என் வேலை. முன்பெல்லாம் வாளியைப் பார்ப்பேன். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, தூசி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இப்போது முதலில் கால்களைப் பார்க்கிறேன். இரண்டு காலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாளியைப் பார்க்கிறேன்.

நம் லயத்து வரிசையில் அடுத்த வீடான காம்பராவில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அது எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். கட்டுத் துவக்கு. ஆனால் முழுக்கதையும் தெரியாது. பிள்ளைகள் முன்னால் நாங்கள் அதைப் பேசுவதில்லை.

மேல் மலையில் ஒரு பக்கத்துப் பழைய ரப்பரை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். அது காடாகிவிட்டது. காடானால் பன்றி வரும். பன்றி வந்தால் லயத்துக்குப் பின்னால் நாம் நட்ட மரவள்ளியும் வத்தாளைக் கிழங்கும் விடிவதற்குள் ஒன்றும் மிஞ்சாது. அதனால் நம் ஆட்களிலும் சிலர், கீழே கிராமத்திலும் சிலர், பன்றி நடக்கிற தடத்தில் துவக்கைக் கட்டி வைப்பார்கள். தண்ணீர்க் குழாயில் செய்த நாட்டுத் துப்பாக்கி. தடத்துக்குக் குறுக்கே ஒரு கம்பி. அதில் கால் பட்டால் வெடிக்கும். அந்தக் கம்பிக்குப் பன்றிக் காலும் ஒன்றுதான், மனுஷக் காலும் ஒன்றுதான்.

கட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. துவக்கு கட்டிய தடத்தில், கொஞ்சம் முன்னாலேயே, ஒரு கிளையை ஒடித்துக் குறுக்கே போட்டுவிடுவார்கள். அதைக் கண்டால் நம் ஆட்கள் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டார்கள். நல்ல வழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் நம் பெண்களுக்கு இன்னொரு வழக்கம் இருக்கிறது. மலையிலிருந்து யாரும் வெறுங்கையோடு இறங்க மாட்டார்கள். வழியில் கிடக்கிற காய்ந்த குச்சியை எல்லாம் பொறுக்கிக் கட்டி, தலையில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். ஒடித்துப் போட்ட கிளை நாலு நாளில் காய்ந்துவிடும். காய்ந்த பிறகு அது விறகு.

பெரியம்மா வெட்டுக்கு நடந்து போன அன்று காலையில் அந்தத் தடத்தில் கிளை இல்லை.

ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்துவிட்டு மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது, உங்கள் அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் கொண்டுவந்த விறகுக் கட்டைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு குச்சியாக எடுத்து அதன் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையால் ஒடித்ததா, தானாக விழுந்ததா என்று.

"என்னா தேடுற?"

"ஒன்னுமில்ல. நீங்க போய் மூஞ்சி கழுவுங்க."

அந்த லயத்தில் பன்னிரண்டு அடுப்பு. எந்த அடுப்பில் அந்தக் கிளை எரிந்தது என்று யாருக்கும் தெரியாது. நம் அடுப்பாகவும் இருக்கலாம்.

பெரியம்மா வெட்டிய மரங்களைச் சும்மா விட முடியாது. ஆள் குறைவு. ஒரு மாதம் கழித்துக் கங்காணி வந்து, அந்த மரங்களை அம்மா வெட்டவேண்டும் என்று சொன்னார். வேண்டாம் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டாள். விடிந்தும் விடியாததுமான வெளிச்சத்தில், கத்தியும் வாளியுமாக, அதே தடத்தில் தினமும் அவள் போக ஆரம்பித்தாள். அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஸ்டோரில் உருளை இயந்திரம் ஓடும்போது மலையில் வெடித்தால் கேட்காது. அதனால் பால் வரும்வரை இயந்திரத்தைத் தொட மாட்டேன். பக்கத்தில் எங்கேயாவது லொறிக் கதவை அடித்துச் சாத்தினால் வாசலுக்கு ஓடுவேன்.

அப்போதுதான் எழுதலாம் என்று தோன்றியது. நம் மாவட்டத்திலிருந்து பார்லிமெண்டுக்குப் போனவர்களில் மூன்று பேருக்கு எழுதினேன். கட்டுத் துவக்குக்குச் சட்டம் கொண்டுவாருங்கள், எங்கள் பெண்கள் நடக்கிற பாதையில் நடக்க முடியவில்லை என்று எழுதினேன். எட்டாம் ஆண்டு வரைக்கும் படித்த தமிழில், அடித்துத் திருத்தி, மூன்று பிரதி. கடைசியில் "இப்படிக்கு, தோட்ட மக்கள்" என்று போட்டேன்.

நம் பக்கத்தில் மேலிடத்துக்கு மனு எழுதுவதென்றால் அது பெட்டிசம்தான். பெட்டிசத்தில் பெயர் போடுகிற வழக்கம் கிடையாது. பெயர் போட்டவனைத்தான் பிறகு எல்லாரும் தேடி வருவார்கள். கையெழுத்தில் ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, எழுத்தையும் கொஞ்சம் சாய்த்து எழுதினேன். தோட்டத்துத் தபாலில் போடாமல் யட்டியாந்தோட்டைக்குப் பஸ் ஏறிப் போய், அங்கே பெட்டியில் போட்டேன். மூன்று கடிதமும் உள்ளே விழுகிற சத்தம் கேட்டதும் பெரிய வேலை முடிந்தது போல இருந்தது.

பிறகு பதிலுக்குக் காத்திருந்தேன்.

நம் லயத்துக்கு நேராகக் கடிதம் வராது, தெரியும்தானே. எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். வேலை முடிந்து தினமும் அந்தப் பெட்டியைப் போய்க் கிளறுவேன். கிளாக்கர் ஐயா ஒருநாள் கேட்டார், "என்னாப்பா, துபாய் விசாவா வரணும்?" இன்னொரு நாள், "பொண்டாட்டிக்குத் தெரியாம யாருக்காச்சும் எழுதுறியா?" நானும் சிரித்துவிட்டு வருவேன். இப்படி ஐந்து மாதம். பெயரே போடாத கடிதத்துக்குப் பதில் வருமென்று ஐந்து மாதம் பெட்டியைக் கிளறிய மனுஷன் உங்கள் அப்பா. அந்தப் பதில் யார் பெயருக்கு வரும் என்று ஒருநாள்கூட நான் யோசிக்கவில்லை. பெயர் இல்லாமல் இருப்பது அவ்வளவு தூரம் நமக்குப் பழகிப்போயிருக்கிறது.

கடைசியில் பொறுக்க முடியாமல், அந்த மூன்று பேரில் ஒருவர் பொதுமக்களைப் பார்க்கிற நாளில் டவுனுக்குப் போனேன். அவர் இல்லை. செயலாளர் இருந்தார். சிங்களத்தில்தான் பேசினோம். விஷயத்தைச் சொன்னதும் ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டி, என் கடிதத்தை மேசையில் வைத்தார். என்னால் நம்ப முடியவில்லை. கடிதம் தொலையவில்லை. யாரோ அதைச் சிங்களத்தில் எழுதி, பின்னால் குத்தியும் வைத்திருந்தார்கள்.

"இது நீங்க எழுதினதா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "தோட்டத்துல எழுதினது சேர்" என்றேன்.

அவர் சிரித்தார். "தோட்ட மக்கள்னு போட்டிருக்கு. தோட்ட மக்கள் எந்த வீட்டுல இருக்காங்க? நான் முத்திரை ஒட்டிப் பதில் போட்டா எந்தக் கதவைத் தட்டிக் குடுப்பாங்க?"

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

"சரி, பேரை விடுங்க. துவக்குக்குச் சட்டம் இருக்குதானே. லைசன்ஸ் இல்லாம வச்சிருந்தாக் குத்தம். கட்டி வச்சாலும் குத்தம். அதுக்கு மேல என்ன சட்டம் கேக்குறீங்க? அதைத் தெளிவா எழுதி, பேரும் போட்டுக் கொண்டு வாங்க. ஐயாகிட்ட நானே வைக்கிறேன்."

பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். என்ன சட்டம் கேட்கிறேன்? சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கும்போதேதான் பெரியம்மாவின் கால் போயிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக எழுதினேன். சாய்க்காத எழுத்தில். இருக்கிற சட்டத்தைக் கடுமையாக்குங்கள், ஆட்கள் நடக்கிற பாதையில் கட்டுகிறவனுக்குத் தண்டனையைக் கூட்டுங்கள் என்று. என் முழுப் பெயரையும் போட்டேன். அதை எடுத்துக்கொண்டு லயம் லயமாகக் கையெழுத்துக்குப் போனேன்.

"பன்னி வந்து கெழங்கத் தின்னா ஒங்க எம்பி வந்து நட்டுத் தருவாரா?" என்று ஒருவர் கேட்டார். கடைசிக் காம்பராப் பையன், "மாமா, இந்தக் காலத்துல யாரு கடதாசி எழுதுறா? ஃபேஸ்புக்ல போடுங்க, ஒரே நாள்ல தெரிஞ்சிரும்" என்றான்.

"சரி, நீயே போடு."

"என் பேர்லயா? ஐயோ, வேணாம் மாமா."

வீட்டுக்கு வந்தால் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "என்கிட்ட ஏங்க கேக்கல? அந்தத் தடத்துல நடக்குறது நீங்களா, நானா?" என் பெயருக்கு அடுத்ததாகத் தன் பெயரை எழுதினாள். பெரியம்மாவிடம் போனபோது நான் மையையும் கொண்டு போயிருந்தேன். "எனக்குப் பெருவிரல் வேணாம் தம்பி. கால்தான் போச்சு, கையெழுத்துப் போகல" என்று பேனாவை வாங்கினார். வேறு இரண்டு பேரும் போட்டார்கள். மொத்தம் ஐந்து பேர். அந்த லயங்களில் எத்தனை குடும்பம் இருக்கிறதென்று உங்களுக்கே தெரியும்.

இந்தத் தடவை பதில் வந்தது. கிளாக்கர் ஐயா பெரட்டுக் களத்தில், எல்லாரும் வேலைக்குப் பிரிகிற நேரத்தில், உறையில் இருந்த என் பெயரைச் சத்தமாகப் படித்துக் கொடுத்தார். கடிதம் கிடைத்தது, பொலிசுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறோம் என்று எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரி எனக்குப் பெருமையாக இருந்தது. அதன் அர்த்தம் இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது.

பொலிஸ் ஜீப் நேராக நம் லயத்து வாசலுக்கு வந்து நின்றது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கையில் என் கடிதத்தின் பிரதி.

"கையெழுத்துப் போட்டது நீங்கதானே? ரொம்ப நல்லது. சொல்லுங்க, இங்க யாரு துவக்கு கட்டுறது?"

லயமே வெளியே வந்து நின்றது. தண்ணீர்ப் பைப் பக்கத்தில், கையில் வாளியோடு, அம்மாவின் அண்ணன், உங்கள் மாமா. இந்தப் பக்கம், கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெரியம்மா.

மாமா துவக்கு கட்டுவார் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் நம் வீட்டில் வெந்த பன்றிக்கறி எங்கிருந்து வந்தது?

"தன்னே நெஹெ சேர்" என்றேன். தெரியாது என்றேன்.

"பேர் போட்டு எழுதத் தெரியுது. கேட்டா ஒன்னும் தெரியாதா?" என்று அவர் தன் குறிப்புப் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மாமா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். பெரியம்மா போகவில்லை.

"தம்பி, இந்தக் கடதாசிய எனக்காக எழுதுனியா, ஒனக்காக எழுதுனியா?"

"ஏன் அக்கா அப்பிடிக் கேக்குறீங்க?"

"எனக்காக எழுதியிருந்தா இப்ப வாயத் தொறந்திருப்ப." பிறகு அவரே, "விடு. யார் யார் கட்டுறாங்கன்னு எனக்குந்தான் தெரியும். நான் மட்டும் சொன்னனா? நாளைக்கும் அதே பைப்புலதானே தண்ணி புடிக்கணும்" என்று உள்ளே போய்விட்டார்.

பெயர் போடாமல் எழுதியபோது எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. பெயர் போட்ட பிறகு வெட்கமும் சேர்ந்துகொண்டது. சாப்பிட முடியவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. அந்த வாரம் முடிந்து ஞாயிறு காலையிலேயே மாமா வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்புள. தனியாவா வந்தீங்க? ஜீப்பு வரல?"

"மச்சான், ஒன்னு கேக்கணும். அக்கா கால எடுத்த துவக்கு ஒங்களுதா?"

"இல்ல. என்னுது ரெண்டும் ஆத்துப் பக்கம். மேல் மலையில நான் கட்டுறதில்ல. என் தங்கச்சி நடக்குற எடத்துல கட்டுவனா?"

"தங்கச்சி அங்க வெட்டப் போறதுக்கு முன்னால? அப்பவும் கட்டலியா?"

அவர் காம்பைத் தட்டுவதை நிறுத்தினார். "நல்லாப் பேசுறீங்க மாப்புள. போன தீபாவளிக்கு எறச்சி கொண்டாந்தனே, நல்லா வெந்திருக்குன்னு ரெண்டாவது தடவையும் வாங்கித் தின்னீங்களே. அன்னைக்கு ஏன் பெட்டிசம் எழுதல?"

"கொண்டுபோய் ஒப்படைச்சிருங்களேன் மச்சான்" என்றேன்.

"ஒப்படைக்கவா? ஸ்டேஷன் வாசல்லயே வெலங்கு மாட்டுவான். கொண்டாந்து குடுக்குறவனையே உள்ள தள்ளுனா எவன் கொண்டாந்து குடுப்பான்? பன்னிக்கும் எவனும் ஒரு வழி சொல்லல. போங்க, இதையும் ஒங்க எம்பிக்கு எழுதுங்க."

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் செயலாளர் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் அதில்தான் இருந்தது. நடந்து வரும்போதே என் மனதில் கடிதம் ஓடியது. துவக்கு வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க ஒரு தவணை கொடுங்கள். அந்தத் தவணைக்குள் கொண்டுவந்தால் வழக்கு இல்லை என்று சட்டமாகவே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கட்டுகிறவனை விடாதீர்கள். காடான ரப்பரைத் துப்புரவு செய்து, பன்றி வராமல் வேலி போட வழி செய்யுங்கள். இதையெல்லாம் எழுதினேன். எழுதி முடித்தும் கடிதம் சரியில்லாதது போலவே இருந்தது. நாலு தடவை எழுந்து நடந்தேன். கடைசியில் இன்னும் இரண்டு வரி சேர்த்தேன்: "என் உறவினர் ஒருவரும் இப்படித் துவக்கு கட்டுகிறவர். அந்த இறைச்சியை நானும் என் குடும்பமும் சாப்பிட்டிருக்கிறோம்."

அம்மாவிடம் கொடுத்தேன். விரலை வைத்து மெதுவாகப் படித்தாள்.

"அண்ணன் பேரு இருக்கா?"

"இல்ல. என் பேருதான் இருக்கு."

"கறி தின்னதை எதுக்குங்க எழுதணும்?"

"நம்ம கை சுத்தம்னு எழுத முடியல."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பெரியம்மா அந்த இரண்டு வரியையும் இரண்டு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரும் போட்டார்கள். ஐந்து பேர் படித்த கடிதம் இரகசியமாக இருக்குமா? மாமா காதுக்குப் போய்விட்டது. உறவினர் ஒருவர் என்றால் யார் என்று தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குப் பிறகு பைப்பில் என்னைக் கண்டால் வாளியை நிரம்பவிடாமல் எடுத்துக்கொண்டு போகிறார். தீபாவளிக்கு வராததும் அதனால்தான். கறியும் வரவில்லை. நீங்கள் கோழிக்கறி ஏன் என்று கேட்டீர்கள், அதற்கும் இதுதான் பதில்.

செயலாளரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. தவணை கொடுக்கிற யோசனையை ஐயா கூட்டத்தில் பேசுவார் என்று. எப்போது என்று எழுதவில்லை. சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. துவக்கும் இருக்கிறது.

போன வாரம் அம்மா வாளியை என்னிடம் கொடுக்கும்போது, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "மேல் மலையில மூனு எடத்துல செவப்புத் துணி கட்டியிருக்குங்க. மரத்துல, கண்ணு மட்டத்துல. தள்ளி நின்னு பாத்தேன். மூனுக்கும் அந்தப் பக்கம் கம்பி ஓடுது."

"யாரு கட்டுனது?"

"செவப்புக் கட்டம் போட்ட சாரத்துக் கிழிசல். அண்ணனுக்கு இடுப்புல கட்ட நாம எடுத்துக் குடுத்தது."

அந்த மூன்று துவக்கும் அவருடையவை இல்லை. வேறு யாருடையவோ. ஆனால் கம்பி எங்கே ஓடும் என்று கண்டுபிடிக்க, கட்டிப் பழகியவனால்தான் முடியும். அவற்றைத் தேடி அவர் அந்தக் காட்டுக்குள் நடந்திருக்கிறார். கிளையை ஒடித்துப் போடவில்லை. விறகாகாத ஒன்றைக் கட்டியிருக்கிறார்.

இதை எழுதும்போதும் எனக்கு நிம்மதி இல்லை. மழை தொடங்கிவிட்டது. சாரத் துணி எத்தனை மழை தாங்கும்? யாராவது கை துடைக்க நல்ல துணி என்று அவிழ்த்துக்கொண்டு வந்தால்? அதனால் மூன்று பேருக்கும் மறுபடியும் எழுதி வைத்திருக்கிறேன். தவணையை எப்போது தருவீர்கள் என்று ஒரே கேள்வி. நாளைக்குத் தோட்டத்துத் தபாலிலேயே போடுவேன்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போங்கள். முறுக்கு டப்பாவில் இன்னும் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள். அப்பா அனுப்பினார் என்று சொல்லுங்கள். என்ன சொன்னார் என்று திரும்பி வந்து என்னிடம் சொல்லவேண்டும் என்று இல்லை. துணியைப் பற்றி மட்டும் நீங்கள் வாய் திறக்காதீர்கள்.

இன்றைக்கு இருபது பேர் வெட்டுக்குப் போனார்கள். பத்தொன்பது வாளி வந்துவிட்டது. மேல் மலை தூரம், அம்மா எப்போதும் கடைசிதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசலுக்கு மூன்று தடவை போய்விட்டு வந்தேன். இயந்திரத்தை இன்னும் போடவில்லை.

வளைவில் வாளிச் சத்தம் கேட்கிறது. அம்மாதான். இரண்டு காலாலும் நடந்து வருகிறாள். தலையில் விறகு இல்லை. நான் போய்ப் பாலை வாங்கவேண்டும்.